மாமன் மடி, மெட்ராஸ் ஸ்டேட்

ரேணிகுண்டா
14-8-1959

தம்பி கோவர்த்தனனுக்கு அக்கா அலர்மேல்மங்கை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, என் மாமியார் எல்லோரும் சுகம். குழந்தை தணிகாசலமும் சுகம்தான், அவன் தலையைத் தவிர. வாரினால் கத்துகிறான், வாராவிட்டால் சிக்கு விழுகிறது. நேற்று ஸ்டேஷனில் ஒரு தெலுங்கு அம்மாள் அவனைப் பெண் குழந்தை என்று நினைத்து, "பாப்ப பேரேமி?" என்று கேட்டு ஒரு சிவப்பு ரிப்பனும் கொடுத்துவிட்டுப் போனாள். உன் மாமாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்ட முடி. ஒரு வயதிலேயே போட்டிருக்க வேண்டும். அப்போது நீ விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாய். இப்போது மூன்றாவது வயது நடக்கிறது. சித்திரை பிறந்தால் நாலு. இரட்டைப்படையில் மொட்டை போடக்கூடாது என்கிறாள் என் மாமியார். பங்குனிக்குள் போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இந்தச் சிக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். மாமன் மடியில் உட்கார்த்தித்தான் மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும், அது உனக்கே தெரியும். ஆவணி கடைசியில் ஒரு நாள் வந்து போ.

இன்னொரு சங்கதி. போன கடிதத்தில் "ரிசர்வில் போட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய் அல்லவா? என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "மங்கை தம்பி ரிசர்வ் போலீஸ்ல சேந்துட்டான்" என்று ரயில்வே காலனி பூராவும் சொல்லிவிட்டாள். நேற்று ஒருவர் கோழி திருட்டுப் போனதற்கு உன்னிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். அது என்ன ரிசர்வ் என்று விவரமாக எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
மங்கை


பல்லாவரம்
25-8-1959

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கோவர்த்தனன் வணக்கம். நான் சௌக்கியம். சளி இருந்தது, போய்விட்டது. கோழி கிடைத்ததா?

ரிசர்வ் என்றால் இதுதான். எங்கள் பினாகினி ஏர்வேஸில் இருப்பது சரக்கு ஏற்றும் டக்கோட்டா விமானம் இரண்டே இரண்டு. பறக்க வேண்டிய பைலட்டுக்கு உடம்புக்கு வந்தாலோ, திடீரென்று யாராவது சரக்கு அனுப்பினாலோ, என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாத நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் கூடுதலாக நறுக்கி வைக்கும் வாழை இலை மாதிரி என்று வைத்துக்கொள். ஆள் வந்தால் விரிப்பார்கள், வராவிட்டால் வாடும். பறந்த மணிக்குத்தான் படி. வாடுகிற நாளுக்கு வெறும் சம்பளம்.

என் அறைக்குக் கீழே பச்சையப்பனின் மருந்துக் கடை. போன் அங்கேதான் இருக்கிறது. அது மணி அடிக்கும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பேன். பெரும்பாலும் யாருக்காவது பேதி மருந்து கேட்டு வந்த போனாக இருக்கும்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பதினோராவது ஷரத்து இப்படிச் சொல்கிறது: ரிசர்வில் இருக்கும் பைலட் மெட்ராஸ் ஸ்டேட் எல்லையைத் தாண்டக்கூடாது. போன் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். கூப்பிட்ட ஐந்து மணி நேரத்தில் விமானத்தடியில் நிற்க வேண்டும். எங்கள் மேனேஜர் வேதாச்சலத்திடம் திருத்தணி என்று ஆரம்பித்தேன். சுவரில் தொங்கும் வரைபடத்தை ஸ்கேலால் தட்டி, "திருத்தணி எந்த ஜில்லா? சித்தூர். சித்தூர் எந்த ஸ்டேட்? ஆந்திரா. ரூல்னா ரூல்பா. கன்னியாகுமரிக்கு வேணும்னா போய்ட்டு வா" என்றார். கன்னியாகுமரியிலிருந்து ஐந்து மணி நேரத்தில் எப்படி வருவேன் என்று கேட்டேன். "அது உன் பாடு. எல்லைக்குள்ள இருக்கியா, அதான் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார்.

ஆவணி வேண்டாம் அக்கா. வேறு நாள் பார்.

தம்பி
கோவர்த்தனன்


ரேணிகுண்டா
6-9-1959

தம்பிக்கு ஆசீர்வாதம். சளிக்குத் தூதுவளை கிடைத்தால் ரசம் வைத்துக் குடி. கோழி தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் புகழும் உனக்குத்தான் போயிருக்கிறது.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாமே இது, உன் தம்பியும் என்னை மாதிரி ஸ்பேர்தானா? வானத்துல போனா மட்டும் இன்னா, ஸ்பேர் ஸ்பேர்தான்" என்கிறார். அவர் கூட்ஸ் வண்டிக் கார்டு. ஆனால் சொந்தமாக வண்டி கிடையாது. லீவு போட்ட கார்டுக்கு மாற்றாகத்தான் போவார். கூப்பிடுகிற ஆள் வந்து கதவைத் தட்டினால் துன்னுகினு இருக்கிற சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கொடியும் விளக்குமாக ஓடுவார். ஆக, மொட்டைக்கு அப்பனும் வேண்டும், மாமனும் வேண்டும். இரண்டு பேரும் ஸ்பேர். நான் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் வைக்கட்டும்? சொல்லு பார்க்கலாம்.

தை மாதத்தில் ஒரு நாள் லீவு வாங்கப் பார். இப்போதிலிருந்தே கேட்டு வை. வடமாலபேட்டையிலிருந்து பெரியப்பா மகன் சிட்டிபாபு வந்திருந்தான். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தான். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

மங்கை


பல்லாவரம்
10-10-1959

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எல்லோர் சுகத்துக்கும் எழுது. தூதுவளையைப் பச்சையப்பனே கொண்டுவந்து கொடுத்தார். "மருந்துக் கடைக்காரன் கையால தழையைத் துன்னுறது நீ ஒருத்தன்தான்" என்றார்.

ரிசர்வில் இருக்கிற நாங்கள் எல்லோரும் சேர்ந்து கம்பெனிக்கு ஒரு மனு கொடுத்தோம். உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் கொஞ்சம் படி வேண்டும், முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் லீவு வேண்டும், ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிறோம் என்று எங்களை வாசலில் நிறுத்தி வைக்கக்கூடாது, இவ்வளவுதான். வேதாச்சலம் வாங்கி, மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை இப்போது ஆடுவதில்லை. அந்த மட்டில் லாபம்.

ஆனால் தை மாதத்துக்கு லீவு தருவதாக வாயால் சொல்லியிருக்கிறார். நாள் வை. சிட்டிபாபு சும்மா வருகிறவன் இல்லையே, நிஜமாகவே எதற்கு வந்தான்?

கோவர்த்தனன்


ரேணிகுண்டா
2-1-1960

தம்பிக்கு ஆசீர்வாதம். தை பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாள் வைத்தாகிவிட்டது. எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. உன் மாமா வேறு ஒரு கார்டோடு முறை மாற்றிக்கொண்டு அன்றைக்கு ஓய்வு வாங்கியிருக்கிறார். அதற்காக மூன்று தடவை குண்டக்கல்லுக்கு வண்டி கொண்டுபோய் வந்தார். தணியிடம் "மாமா ஏரோப்பிளேன்ல வருவாரு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். காக்கை பறந்தாலும் அண்ணாந்து பார்க்கிறான். வந்து சேர். எனக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை.

அக்கா
மங்கை


பல்லாவரம்
23-1-1960

அக்காவுக்கு வணக்கம். தந்தி கிடைத்திருக்கும். திடீரென்று திருவனந்தபுரத்துக்கு விமானம். நான்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னால் வர முடியவில்லை. தணிக்கு முத்தம். அவசரத்தில் எழுதுகிறேன்.

கோவர்த்தனன்


ரேணிகுண்டா
21-2-1960

கோவர்த்தனனுக்கு, அக்கா.

இங்கே எல்லோரும் சுகம். ஒரு மாதமாக நான் எழுதவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எல்லோரும் திருத்தணி மலை மேலே ஏறி நின்றோம். உன் தந்தி முதல்நாளே வந்துவிட்டது. கூப்பிட்டவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? "மாமன் இல்லாட்டி இன்னா, இன்னொரு மாமன் இல்லியா?" என்று சிட்டிபாபு வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செப்டம்பரில் அவன் வந்ததே அதைச் சொல்லத்தான். "பைலட்டுக்கு எங்க நேரம், நான் மடி தரேன்" என்றான். உன் மனசு கஷ்டப்படும் என்று நான் எழுதவில்லை. நல்லவன்தான், கெட்ட எண்ணம் கிடையாது. நாவிதர் கத்தியைத் தீட்டினார். தணியைத் தூக்கி அவன் மடியில் வைக்கப்போன என் கை கடைசி நிமிஷத்தில் திரும்பிவிட்டது. "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நைனாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ ஒருவன்தான் கோவர்த்தனா. அந்த மடியில் இன்னொருவன் உட்கார்ந்தால் எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று நாலு பேர் முன்னால் நானே சொன்னதாக ஆகாதா?

மறுநாள் உன் மாமா பேசின் பிரிட்ஜ் வரைக்கும் கூட்ஸ் கொண்டுபோனார். புளியோதரைப் பொட்டலத்தோடு பல்லாவரத்துக்கும் வந்தார். நீ குளிக்கப் போயிருந்தாய். பச்சையப்பனிடம், "மச்சான் திருவனந்தபுரத்துல இருந்து எப்ப வந்தான்?" என்று கேட்டிருக்கிறார். "எங்க போனாரு? நேத்து பூரா இந்த பெஞ்சுலயேதான் குந்திகினு இருந்தாரு. போன் ஒரு தபா கூட அடிக்கல" என்றாராம். மாமா உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். பொட்டலத்தை யார் வைத்தார்கள் என்று நீ யோசித்திருப்பாய்.

நீ பறக்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தாய். அதை ஏன்டா என்னிடம் மறைத்தாய்?

பங்குனி முடிவதற்குள் நீ வர வேண்டும். வராவிட்டால் சிட்டிபாபு மடிதான் என்று என் மாமியார் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை என் கை திரும்பினாலும் அவள் விடமாட்டாள்.

மங்கை


பல்லாவரம்
27-2-1960

அக்கா,

புளியோதரையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் கை மிளகாய் எனக்குத் தெரியாதா? ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பேன், வைப்பேன்.

முதல்நாள் வேதாச்சலம் கூப்பிட்டு, "லீவ்லாம் கிடையாது, வாயால சொன்னதுக்கு ரூல் கிடையாது" என்றார். விமானம் ஓட்டப் போனேன், அதனால் வரவில்லை என்றால் ஊரில் ஒரு மதிப்பு இருக்கும். அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அதனால் என் அக்கா பிள்ளைக்கு மடி தர முடியவில்லை என்று எப்படி எழுதுவேன்? வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பச்சையப்பன் கடையில் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன்.

பங்குனிக்கும் லீவு இல்லை என்கிறார். போதும் அக்கா. ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். பையில் இருக்கிறது. தணி மொட்டைக்கு வந்துவிட்டு, பிறகு வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்.

கோவர்த்தனன்


ரேணிகுண்டா
8-3-1960

மச்சான் கோவர்த்தனனுக்குக் கன்னையா எழுதிக்கொண்டது. உங்கள் அக்கா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு இட்லி வார்த்தாள். ஆகவே எல்லோரும் சுகம் என்றே கொள்ளவும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வண்டி ரிப்போர்ட்தான் எழுதுவேன். அது மாதிரியே எழுதுகிறேன். ராஜினாமாவைக் கிழித்துப் போடவும். காரணம் பின்வருமாறு.

நேற்று புத்தூர் ஸ்டேஷனில் வண்டி சிக்னலுக்கு நின்றது. பேப்பர் படித்தேன். நாம் எல்லோரும் இத்தனை வருஷமாகச் சித்தூர் உனக்கா எனக்கா, திருத்தணி உனக்கா எனக்கா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே, அது முடிந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திருத்தணி மெட்ராஸ் ஸ்டேட். புரிகிறதா மச்சான்? நீங்கள் எல்லையைத் தாண்ட வேண்டாம். எல்லையே திருத்தணியைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது! நான் பிரேக் வேனில் தனியாகக் கைதட்டிச் சிரித்தேன். கார்டுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பாயிண்ட்ஸ்மேன் நினைத்திருப்பான்.

ஏப்ரல் முதல் தேதி வெள்ளிக்கிழமை. பங்குனி மாதம்தான். வெள்ளிக்கிழமை முடி எடுக்கலாமா என்று என் அம்மாவிடம் கேட்டேன். "கோயில்ல எடுக்குறதுக்கு இன்னா கெழமை?" என்றார். போன் வேண்டும் என்று உங்கள் ஷரத்து சொல்கிறது. திருத்தணியில் மலைக்குக் கீழே கிருஷ்ணப்பா ரைஸ் மில்லில் போன் இருக்கிறது. நெல் வேகன் விஷயமாக எனக்குப் பழக்கம். சொல்லிவிட்டேன். போன் வந்தால் மேலே ஆள் அனுப்புவார். அரக்கோணத்துக்கும் அங்கிருந்து மெட்ராஸுக்கும் ரயில் உண்டு. ஐந்து மணி நேரம் தாராளம்.

நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்பேர் ஆளுக்கு ஸ்பேர் ஆள்தான் துணை.

கன்னையா


பல்லாவரம்
24-3-1960

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். மாமாவுக்குச் சாஷ்டாங்க நமஸ்காரம்.

வேதாச்சலத்திடம் போய், "சார், ஏப்ரல் ஒண்ணாந்தேதி நான் ரிசர்வ்ல இருப்பேன். திருத்தணியில. போன் நம்பர் இது" என்று எழுதிக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தார். "ஏப்ரல் ஒண்ணா? யாரை ஏப்ரல் பூல் ஆக்கப் பாக்கற?" என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரைபடத்துக்குப் போனார். நான் பேப்பரை நீட்டினேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அப்புறம் ஸ்கேல் நுனியை வரைபடத்தில் திருத்தணி மேல் வைத்தார்.

"இந்த வரைபடம் பழசாயிடுச்சுப்பா" என்றார்.

"ரூல் பழசாகலியே சார்" என்றேன்.

அவரை எனக்குப் பிடித்துப்போன நாள் அதுதான் அக்கா. மனுஷன் தன் ரூலுக்குத் தானே கட்டுப்பட்டவர். பதினோராவது ஷரத்தை ஒரு தரம் வாய்விட்டுப் படித்து, "எல்லைக்குள்ள இருக்க. போன் இருக்கு. மறுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். ஆனால், கூப்பிட்டால் ஐந்து மணி நேரத்தில் நிற்க வேண்டும், நின்றாக வேண்டும். அதனால் யூனிபார்மிலேயே வருகிறேன்.

கோவர்த்தனன்


ரேணிகுண்டா
5-4-1960

என் ராஜா கோவர்த்தனனுக்கு அக்கா எழுதுவது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாயா? சாப்பிட்டாயா? இந்த இரண்டுக்கும் முதலில் பதில் எழுது. நீ ஓடின ஓட்டத்தில் உன்னோடு இரண்டு வார்த்தை பேசக்கூட முடியவில்லை.

பாதித் தலை மழித்திருக்கும்போது மில் ஆள் மூச்சிரைக்க ஏறிவந்து, "மெட்ராஸ்ல இருந்து போன்! உடனே வரச் சொல்றாங்க!" என்று கத்தினானே, அப்போது எனக்கு உயிரே போய்விட்டது. நீ எழுந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். சிட்டிபாபுகூட எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டான். நீ தணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வரேன்னு சொல்லுப்பா. காது குத்தினதும் வரேன்" என்று சொன்னாய் பார், அது எனக்கு ஆயுசுக்கும் போதும். இரண்டாவது காதில் கம்பி ஏறி அவன் வீல் என்று அலறின பிறகுதான் எழுந்தாய்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். தொப்பியும் தோள்பட்டைக் கோடுமாக நீ படிகளில் பாய்ந்து இறங்கினதைப் பார்த்துவிட்டு என் மாமியார், "நான் சொன்னா நம்பல. போலீஸ் இல்லாம வேற இன்னா? திருடனைப் புடிக்கத்தான் ஓடறான்" என்று மலை மேலே இருந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். இனிமேல் மாற்ற முடியாது, விட்டுவிடு. உன் இலைச் சாப்பாட்டைச் சிட்டிபாபுவே சாப்பிட்டான். "மடிதான் தரல, வயிறாவது தரேன்" என்றான். பாவம், அவனுக்கும் ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தோம்.

சாயங்காலம் ரேணிகுண்டாவுக்குத் திரும்பி வாசலில் நின்றோம். மேலே ஒரு விமானம் போயிற்று. உன்னுடையதோ யாருடையதோ. தணி தன் தலைக் குல்லாவைக் கழற்றி மொட்டையை மேலே காட்டினான். அதிலிருந்து எந்த விமானம் போனாலும் காட்டுகிறான்.

வேறு விசேஷமில்லை. கொஞ்ச நாளாய் எனக்கு எஞ்சின் புகை வாடை மட்டும் ஆகவில்லை. மாமாவின் சட்டையை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்கிறேன். என் மாமியார் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். நேற்று மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து சாமி படத்தின் கீழே வைத்தாள். இந்தத் தடவை திருமலைக்காம். ஏழுமலையான் எந்த ஸ்டேட்டுக்கும் மாறிவருகிறவர் இல்லை என்று உன் வேதாச்சலத்திடம் இப்போதே சொல்லி வை.

அக்கா
மங்கை


பல்லாவரம்
19-4-1960

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம். முதலில் பதில்: நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பிடவில்லை. இனிமேல் நீ வேளைக்குச் சாப்பிடு, மாடிப்படி ஏறாதே, மாமா சட்டையைத் தெருவிலேயே கழற்றட்டும். எனக்கும் புரிந்துவிட்டது. பச்சையப்பனிடம் சொல்லிக் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

விமானத்தடியில் நான் போய் நின்றபோது வேதாச்சலம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் கால்சட்டையைப் பார்த்தார். மடியெல்லாம் தணியின் முடி. "இன்னாப்பா இது, யூனிபார்ம்ல?" என்றார். சொன்னேன். தன் கைக்குட்டையை எடுத்து என் தோளில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டார். மடியில் இருந்ததை நான் தட்ட விடவில்லை. பூனா வரைக்கும் அது என்னோடு வந்தது. ரேணிகுண்டாவுக்கு மேலேதான் போனோம் அக்கா. அது என் விமானம்தான்.

போன வாரம் புது ஒப்பந்தம் வந்தது. பதினோராவது ஷரத்தைத் திருத்தியிருக்கிறார்கள்: "மெட்ராஸ் ஸ்டேட் என்றால் மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதி இருந்தபடி." நாங்கள் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. மேஜைக் காலுக்கு அடியிலிருந்து எங்கள் பழைய மனுவை எடுத்து மேஜை மேலே வைத்தோம். மேஜை ஆட ஆரம்பித்தது. இரண்டு நாள் ஆடிய பிறகு வேதாச்சலமே முதலாளியிடம் போய்ப் பேசினார். படி இன்னும் வரவில்லை. ஆனால் லீவு ஷரத்து வந்துவிட்டது: முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் மறுக்கக்கூடாது.

எவ்வளவு முன்கூட்டி என்று போடவில்லை. அதனால் இன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் மாமியாரின் ஒற்றைப்படைக் கணக்குப்படி, 1963ஆம் வருஷம் தை மாதம், ஒரு நாள், திருமலையில். காரணம் என்ற இடத்தில், "அக்கா குழந்தைக்கு மொட்டை, மாமன் மடி" என்று எழுதினேன். வேதாச்சலம் படித்தார். "எந்தக் குழந்தை? அதான் அடிச்சாச்சே" என்றார். "இது இன்னும் பொறக்கல சார்" என்றேன்.

ஸ்கேலை எடுத்தார். வைத்தார். பேனாவைத் திறந்து, "அனுமதிக்கப்பட்டது. பிறந்த பிறகு பிறப்புச் சான்றிதழ் இணைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோருக்கும் என் அன்பு. மொட்டைக்கு ஒரு முத்தம்.

தம்பி
கோவர்த்தனன்